ஒசொரேஸான் இட்டாக்கோ: போருக்குப் போய்த் திரும்பாதவரை அழைத்துப் பேசவைக்கும் சேவை எப்படி இருக்கிறது?

ஜப்பானின் முதன்மைத் தீவான ஹொன்ஷூவின் வடகோடியில், அவோமோரி மாநிலத்தின் ஷிமோகித்தா தீபகற்பத்தில் ஒசொரேஸான் மலை இருக்கிறது. அங்குள்ள போடாய்-ஜி கோயிலில் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 20 முதல் 24 வரை பெருவிழா. அந்த ஐந்து நாளும் நுழைவாயில் பக்கம் ஒரு சிறு கூடாரத்தின் முன்னால் வரிசை நிற்கும். கூடாரத்துக்குள் அமர்ந்திருப்பவர் இட்டாக்கோ, அதாவது இறந்தவரின் வாக்கைத் தன் வாயால் சொல்லும் பெண். ஓர் ஆவியை அழைக்க 3,000 முதல் 4,000 யென். பத்து நிமிடம், மிஞ்சினால் பதினைந்து நிமிடம்.

நம் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடலாம். போரில் மாண்டவர் எந்தக் காட்டில், எப்படி இறந்தார் என்று துப்புக் கிடைக்கும் என நினைத்துப் போனால் இந்தச் சேவையால் ஒரு பயனும் இல்லை. உடலும் வராமல், எலும்பும் வராமல், அழுகையை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாமல் தலைமுறையாகச் சுமக்கும் குடும்பத்துக்கு இது அருமையான சேவை. காசும் நேரமும் செலவழிக்கத் தகும்.

இதன் அருமை புரிய ஒரு பின்னணி வேண்டும். இரண்டாம் உலகப் போரில் தாய்நாட்டுக்கு வெளியே இறந்த ஜப்பானியர், ஒக்கினாவா, இவோ ஜிமா தீவுகளையும் சேர்த்து, சுமார் 24 லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ 11 லட்சம் பேரின் எச்சங்கள் இன்னும் ஊர் திரும்பவில்லை. கடலில் மூழ்கிய கப்பல்களோடு போனவர்கள் உண்டு, பர்மா மலைகளிலும் நியூ கினி காடுகளிலும் பசியாலும் மலேரியாவாலும் விழுந்தவர்கள் உண்டு. அவோமோரி வட்டாரத்து ஆட்கள் நிறையப் பேர் சேர்ந்திருந்த, ஹிரோசாக்கியைத் தளமாகக் கொண்ட 8-ஆம் டிவிஷன், 1945-இல் பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில் சிதைந்துபோனது. வீட்டுக்கு வந்தது வெள்ளைத் துணி சுற்றிய ஒரு மரப்பெட்டி. திறந்தால் பெயர் எழுதிய காகிதத் துண்டு இருக்கும், இல்லையென்றால் ஒரு கல், ஒரு பிடி மணல். யஸுகுனி ஆலயத்தில் அரசு அந்த மகனைத் தெய்வமாக ஏற்றியது. தாய்க்கு வேண்டியிருந்தது தெய்வம் இல்லை, “அம்மா, நான் வந்துட்டேன்” என்று சொல்லும் ஒரு குரல். போர் நடந்தபோதே, “பிள்ளை உயிரோடிருக்கிறானா?” என்று கேட்க இப்படி வாக்குச் சொல்பவர்களைத் தேடிப்போன குடும்பங்கள் உண்டு. போர் முடிந்தபின் அதே குடும்பங்கள் இறந்தவனை அழைக்கப் போயின.

இட்டாக்கோக்கள் பெரும்பாலும் பார்வையிழந்த பெண்கள். அம்மையாலோ தட்டம்மையாலோ சிறுவயதில் கண்ணை இழந்த பெண்ணுக்குப் பிழைப்பு வேண்டும் என்று, பருவமடையும் முன்பே ஒரு மூத்த இட்டாக்கோவிடம் ஒப்படைப்பார்கள். சில ஆண்டுகள் குருவின் வீட்டில் தங்கி, சூத்திரங்களையும் வாக்குப் பாடல்களையும் காதால் கேட்டே மனப்பாடம் செய்ய வேண்டும். கடைசியில் குளிர்காலத்தில் வாளி வாளியாகப் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, உணவைக் குறைத்து விரதம் இருந்து, வெள்ளையாடை உடுத்தி, ஒரு தெய்வத்துக்கு மணமுடிக்கப்படுவதுபோன்ற சடங்கில் தேற வேண்டும். 1873-இல் மெய்ஜி அரசு ஆவியழைப்பையே தடைசெய்தது. கிராமத்தில் அது நிற்கவில்லை. இந்த மரபை உண்மையில் வற்றவைத்தவை தடுப்பூசியும் பார்வையற்றோர் பள்ளிகளும் சமூக நலத் திட்டங்களும்தான். அது நல்ல விஷயம். ஆனால் ஒரு காலத்தில் விழாவில் பல பத்துப் பேர் வரிசையாக உட்கார்ந்த இடத்தில் இப்போது ஒருவரோ இருவரோதான் வருகிறார்கள். இன்று இந்தத் தொழிலில் இருப்பவர்களில் பார்வை உள்ளவரும் உண்டு.

சேவை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போய் எதிரில் மண்டியிட்டு உட்கார வேண்டும். அவர் கேட்பது இவ்வளவுதான்: இறந்த தேதி, ஆணா பெண்ணா, இறந்தபோது என்ன வயது, உங்களுக்கு என்ன உறவு. பெயர் அவசியமில்லை. உடனே ஜெபமாலையை எடுப்பார். “இரதாகா” என்று அதற்குப் பெயர். நம் ஊர்ப் பூந்திக்கொட்டையின் இனத்தைச் சேர்ந்த கொட்டைகள் ஏறத்தாழ முந்நூறு கோத்த நீண்ட மாலை அது. இரண்டு முனையிலும் ஓட்டை போட்ட பழைய காசுகள், கரடியின் பல், மான் கொம்புத் துண்டு, நரியின் தாடையெலும்பு, சிப்பி என்று தொங்கும். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத் தேய்ப்பார். ஆண்டுக்கணக்கில் தேய்ந்து கருத்து மினுங்கும் கொட்டைகள் ஒன்றோடொன்று உரசி ஜரக் ஜரக் என்று ஒரு சீரான ஓசை வரும். அந்த ஓசைமேல்தான் பாட்டு ஏறுகிறது. முதலில் தெய்வங்களை அழைக்கும் பகுதி, அடுத்து இறந்தவரை இறக்கும் பகுதி. அதன்பின் பேசுவது இறந்தவர்.

அவர் பேசும் வரிசை ஏறக்குறைய மாறாது. கூப்பிட்டதற்கு நன்றி சொல்வார். இவ்வளவு சீக்கிரம் போனதற்கு வருந்துவார். பெற்றவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் போனேன் என்பார். யார்மீதும் குறை இல்லை, நீங்கள் சண்டையில்லாமல் இருங்கள் என்பார். பிறகு இந்த மாதத்தில் உடம்பைப் பார்த்துக்கொள், அந்த மாதத்தில் நெருப்பில் கவனம் என்று குடும்பத்துக்கு எச்சரிக்கை வரும். கடைசியில் விடைபெறுவார். தெய்வங்களைத் திருப்பியனுப்பும் பாட்டோடு முடியும். கண்ணைச் செருகி உடல் நடுங்கி ஆடும் சாமியாட்டம் இங்கே கிடையாது. குரல்கூடப் பெரிதாக மாறாது. நம்மூர் கோடாங்கியின் வேகத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் இதைப் பார்த்துச் சப்பென்று ஆகிவிடுகிறார்கள்.

“எல்லாருக்கும் ஒரே வசனம்தானே?” என்பது இந்தச் சேவைமீது வரும் முதல் புகார். ஆமாம், பெரும்பகுதி ஒரே வசனம்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. நம்முடைய ஒப்பாரியும் அப்படித்தான். “பொன்னான மேனி” என்ற அடி எல்லா வீட்டு வாசலிலும் பாடப்படுகிறது, அதனால் எந்த வீட்டு அழுகையும் பொய்யாகிவிடுவதில்லை. இட்டாக்கோ பாடுவது கட்டமைத்த பாட்டு. உறவுமுறையும் வயதும் நிரப்புவதற்கு அதில் இடங்கள் விடப்பட்டிருக்கின்றன. மூத்த மகன் என்றால் அதற்கேற்ற வரி உண்டு, பிள்ளையை விட்டுப் போன கணவன் என்றால் வேறு வரி. வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்ல முடியாத “மன்னித்துவிடு”, “நீ மறுமணம் செய்துகொண்டதில் எனக்கு வருத்தமில்லை” போன்றவற்றை இறந்தவர் வாயாலேயே சொல்லவைக்கப் பாட்டின் கட்டுமானம் உதவுகிறது. 1945-க்குப் பின் கணவனின் தம்பிக்கே மணமுடித்து வைக்கப்பட்ட போர் விதவைகள் பலர். அவர்களுக்கு அந்த ஒரு வரியின் கனம் என்ன என்பதை யோசித்துப் பாருங்கள்.

போகுமுன் தயார் செய்ய வேண்டியது தேதிதான், மற்றதெல்லாம் பிறகு. போரில் இறந்தவர் விஷயத்தில் இதுதான் சிக்கலும்கூட. அரசு அனுப்பிய இறப்பு அறிவிப்பில் உள்ள தேதி பல சமயம் உத்தேசமானது. படைப்பிரிவு அழிந்த நாளை எல்லாருக்கும் பொதுவாகப் போட்டிருப்பார்கள். அது சரியா தவறா என்று ஆராய்ந்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுப் பூஜைமாடத்து நினைவுப் பலகையில் எந்தத் தேதி எழுதியிருக்கிறதோ, குடும்பம் எந்த நாளில் திதி கொடுத்து வருகிறதோ, அதைச் சொல்லுங்கள். கூடாரத்தில் உட்கார்ந்து அண்ணன் ஒரு தேதியும் தங்கை ஒரு தேதியும் சொல்வது நடக்கிறது. அங்கேயே பாதி நேரம் போய்விடும். முந்தைய நாளே பேசி ஒரு தேதியை முடிவு செய்து, காகிதத்தில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். இறந்து 100 நாளுக்குள் அழைப்பதையும் அதற்குப் பின் அழைப்பதையும் மரபு தனித்தனியாகப் பார்க்கிறது. போரில் இறந்தவர்கள் எல்லாரும் இரண்டாவது வகை, அதனால் அந்தக் கவலை இல்லை.

தவறாகப் போவது பெரும்பாலும் கேள்வியால்தான். “உன் படைப்பிரிவின் எண் என்ன?”, “எந்த ஆற்றங்கரையில் விழுந்தாய்?” என்று சோதிக்க ஆரம்பித்தால் பதில் மழுப்பலாக வரும், கேட்டவருக்குக் கோபம் வரும், பத்து நிமிடமும் வீண். பாட்டில் அந்தத் தகவலுக்கு இடமே இல்லை. இறந்த இடம், படைப்பிரிவின் நகர்வு இவற்றுக்கெல்லாம் மாநில அரசு அலுவலகத்தில் இருக்கும் ராணுவப் பணிப்பதிவைக் குடும்பத்தார் விண்ணப்பித்துப் பெறுவதுதான் வழி. எலும்பு தேடும் வேலை 2016-இல் வந்த சட்டத்தின்படி அரசின் பொறுப்பு. அந்தக் கேள்விகளை அங்கே கேளுங்கள். இட்டாக்கோவிடம் போனால் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். வீடு என்ன ஆயிற்று, அம்மா எப்போது போனார், பேரப்பிள்ளைகள் எத்தனை பேர் என்று செய்தி சொன்னவர்கள்தான் நிறைவோடு வெளியே வருகிறார்கள்.

இரண்டாவது தடங்கல் மொழி. பாட்டு முழுக்க அவோமோரியின் கிழக்குப் பகுதியான நன்பு வட்டார வழக்கில் இருக்கும். டோக்கியோக்காரருக்கே பாதிதான் பிடிபடும். அந்த வட்டாரத்துச் சொந்தக்காரர் ஒருவரைக் கூட அழைத்துப்போவது நல்லது. அது முடியாவிட்டால் ஒலிப்பதிவு செய்யலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். கேட்காமல் போனை நீட்டக் கூடாது, பக்கத்தில் அடுத்த குடும்பம் தன் முறைக்காகக் கலங்கிய கண்ணோடு காத்திருக்கும். உண்மையில் இந்தச் சேவையின் பெரிய குறை இதுதான்: கூடாரம் மெல்லியது, அந்தரங்கம் கிடையாது. உங்கள் அழுகையை வரிசையில் நிற்கும் எல்லாரும் கேட்பார்கள். சிலருக்கு அதுவே ஆறுதல். கூச்சம் உள்ளவர்கள் விழாவைத் தவிர்த்து, அதே மாநிலத்து ஹச்சினொஹே நகரின் பக்கம் வீட்டில் வைத்துப் பார்க்கும் இட்டாக்கோவிடம் முன்பதிவு செய்து போவது நல்லது. அவசரமில்லாமல் கேட்கலாம்.

பயணம் பற்றி. டோக்கியோவிலிருந்து ஹச்சினொஹே வரை ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடும். அங்கிருந்து நோஹெஜி வழியாக ஓமினாத்தோ பாதையில் ஷிமோகித்தா நிலையம், அங்கிருந்து பேருந்தில் சுமார் 45 நிமிடம். ஓமினாத்தோ பாதையில் வண்டிகள் குறைவு, கடற்காற்று பலமாக அடித்தால் நிறுத்திவிடுவார்கள். ஆகவே அன்றே வந்து அன்றே திரும்பும் திட்டம் ஆபத்தானது. முத்சு நகரிலோ கோயில் வளாகத்து விடுதியிலோ முந்தைய இரவு தங்கிவிடுங்கள். வாயில் காலை 6 மணிக்குத் திறக்கும், வரிசை அதற்கு முன்பே தொடங்கிவிடும். ஒருவர் இருவர்தான் வாக்குச் சொல்கிறார்கள் என்பதால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். பதினொரு மணிக்குச் சாவகாசமாக வந்து சேர்ந்து, முறை வருவதற்குள் கடைசிப் பேருந்து போய்விடுமே என்று கிளம்பிவிடும் குடும்பங்களைப் பார்க்கப் பாவமாக இருக்கும். கோயில் மே 1 முதல் அக்டோபர் 31 வரைதான் திறந்திருக்கும். அக்டோபரில் நடக்கும் சிறிய இலையுதிர்கால விழாவில் கூட்டம் குறைவு, ஆனால் இட்டாக்கோ வருவாரா என்பதை உறுதி செய்துகொண்டு போக வேண்டும். கோயில் நிர்வாகத்துக்கும் இட்டாக்கோக்களுக்கும் தொடர்பில்லை. ஜென் பௌத்தத்தின் சோத்தோ பிரிவைச் சேர்ந்த கோயில் அது. இட்டாக்கோக்கள் தாங்களாக வந்து உட்காருகிறார்கள், அவர்கள் பற்றிய முன்பதிவு எதையும் கோயில் ஏற்காது.

ஜூலைதானே என்று மெல்லிய சட்டையோடு போகாதீர்கள். வடகிழக்கிலிருந்து “யமாசே” என்ற குளிர்காற்று வீசினால் கோடையிலும் நடுங்கும். இடம் முழுக்கக் கந்தகப் புகை. வெள்ளி நகை போட்டிருந்தால் கறுத்துவிடும், கழற்றி வைத்துவிடுங்கள். ஆஸ்துமா உள்ள பெரியவர்களைப் புகை வரும் பாறைகளுக்கு நடுவே அதிக நேரம் நிறுத்தாதீர்கள். பணம் ரொக்கமாக, ஆயிரம் யென் நோட்டுகளாக வைத்திருங்கள். படையலுக்குக் கொண்டுவந்த உணவைக் கும்பிட்டதும் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், விட்டுவிட்டால் காகங்கள் பிய்த்துப் போட்டுவிடும். காகத்துக்குச் சோறு வைப்பது நமக்குப் பிதுர் கடன் என்றாலும் அங்கே அப்படிச் செய்யாதீர்கள்.

இட்டாக்கோவோடு நிற்காமல், அதே மாநிலத்தின் மேற்கே ட்சுகாரு பகுதியில் உள்ள இன்னொரு வழக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதுதான் மணப்பெண் பொம்மை. மணமாகாமல் இறந்த மகனுக்கு மறுமையில் துணை வேண்டும் என்று, மணக்கோலத்தில் ஒரு பொம்மையை வாங்கி, கண்ணாடிப் பெட்டியில் வைத்து, அதற்கு ஒரு பெயர் சூட்டி, மகனின் படத்தோடு கோயிலில் ஒப்படைப்பார்கள். கனாகியில் உள்ள கவாகுரா ஜிஸோ கோயிலிலும், ட்சுகாரு நகரின் கோபோ-ஜியிலும் இவற்றைப் பார்க்கலாம். பல பெட்டிகளில் ராணுவச் சீருடையில் இருபது வயதுகூட நிரம்பாத முகம், பக்கத்தில் வெள்ளைப் பட்டுக் கிமோனோவும் வெள்ளை முக்காடும் அணிந்த பொம்மை. சில பெட்டிகளில் ஒரு சிகரெட் பெட்டி, ஒரு மதுக்குப்பி. “பிள்ளை தனியாக இருக்கிறான்” என்று வாக்குச் சொல்பவர் சொன்னதைக் கேட்டுப் பொம்மை வைத்த பெற்றோர் பலர். கன்னியாக இறந்தவளுக்கு வீட்டில் புடவை வைத்துக் கும்பிடும் நம்மவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பொம்மையை நிரந்தரமாக வைக்க முடியாது. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு என்று பேசி வைப்பார்கள், முடிந்ததும் புதுப்பிக்கலாம் அல்லது சடங்கு செய்து விடைகொடுக்கலாம். இங்கேதான் கோளாறு வருகிறது: வைத்த பெற்றோர் இறந்தபின் யார் புதுப்பிப்பது என்று குடும்பத்தில் ஒருவருக்கும் தெரிவதில்லை. பொம்மை வைப்பதாக இருந்தால் ரசீதின் நகலை அடுத்த தலைமுறையிடமும் கொடுத்துவையுங்கள். கவாகுராவின் விழா பழைய சந்திர நாட்காட்டியின் 6-ஆம் மாதம் 22 முதல் 24 வரை என்பதால் ஒவ்வோர் ஆண்டும் தேதி நகரும். ட்சுகாரு ரயில் பாதையில் ஆஷினோகோயேன் நிலையத்தில் இறங்கிப் போகலாம். ஒசொரேஸானும் கனாகியும் எதிரெதிர்த் தீபகற்பங்களில் இருக்கின்றன, ஒரே நாளில் இரண்டையும் பார்க்கத் திட்டம் போடாதீர்கள். படம் எடுப்பதை இங்கே முழுவதுமாகத் தவிர்த்துவிடலாம். கண்ணாடிக்குள் இருப்பது இன்னும் யாரோ ஒருவருடைய அண்ணன்.

தமிழர்களுக்கும் இந்தப் போரில் இழவு உண்டு. 1942, 43-இல் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியப் படை கொண்டுபோன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் காலராவிலும் பட்டினியிலும் மடிந்தார்கள். இம்பால் பக்கம் இந்திய தேசிய ராணுவத்தில் போய்த் திரும்பாத தமிழ் இளைஞர்களும் உண்டு. அவர்களுக்கு வெள்ளைப் பெட்டிகூட வரவில்லை. அப்படி ஒருவரை அழைக்க இட்டாக்கோவிடம் போகலாமா? அந்தப் பாட்டின் உயிரே வட்டார வழக்கிலும் உறவுமுறைச் சொல்லிலும் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் காதில் சொல்லச் சொல்லக் கேட்டால் அது வெறும் தகவலாகச் சுருங்கிவிடும். தேதியும் தெரியாது, மொழியும் தெரியாது என்றால் கூடாரத்து வரிசையில் நிற்க வேண்டாம். போடாய்-ஜியின் அலுவலகத்தில் இறந்தவருக்கான வழிபாட்டுக்குப் பதிவு செய்யலாம், பெயர் எழுதிய மரப்பலகை வைத்துச் சூத்திரம் ஓதுவார்கள். பெயரை, வெளிநாட்டுப் பெயர்களுக்கு ஜப்பானியர் பயன்படுத்தும் கட்டக்கானா எழுத்தில் தெளிவாக எழுதி, உறவையும் இறந்த நாட்டையும் பக்கத்தில் குறித்துக் கொடுங்கள். வழிபாட்டு நேரங்கள் வாயிலிலேயே ஒட்டப்பட்டிருக்கும். விழா நாட்களில் காலையிலேயே பதிந்துவிடுவது நல்லது.